அறுந்த நரம்பு மீண்டும் வளருமா? விடை தேடிய விஞ்ஞானி கஹால்

கை விரலில் கத்தி பட்டால் சில நாளில் புண் ஆறிவிடுகிறது. கால் எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டு, சில மாதங்களில் எலும்பு கூடிவிடுகிறது. ஆனால், மரத்திலிருந்து விழுந்தோ, வண்டி மோதியோ முதுகெலும்பு நொறுங்கி, அதனுள்ளே ஓடும் தண்டுவடம் அறுந்துவிட்டால் என்ன ஆகிறது? அடிபட்ட இடத்துக்குக் கீழே உடம்பு மரத்துப் போகிறது. கால் அசைவதில்லை. ஊசியால் குத்தினாலும் தெரிவதில்லை. நேற்றுவரை ஓடியாடி உழைத்தவர் படுத்த படுக்கையாகி விடுகிறார். அவரோடு சேர்ந்து குடும்பமே நிலை குலைகிறது.

இது இன்று நேற்று வந்த துன்பமல்ல. எகிப்து தேசத்தில் சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன்னால் எழுதப்பட்ட ஒரு வைத்தியச் சுவடி இருக்கிறது. கழுத்தெலும்பு நசுங்கிக் கை கால் விழுந்து போனால், அது சிகிச்சைக்கு அடங்காத நோய் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அது ஏன் அடங்காத நோய்? தோல் வளர்கிறது, எலும்பு வளர்கிறது, தண்டுவடத்து நரம்பு மட்டும் ஏன் வளர்வதில்லை? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, மைக்ராஸ்கோப்பின் முன்னால் ஆண்டுக் கணக்கில் உட்கார்ந்து, நடப்பதைத் தம் கண்ணால் கண்டு சொன்ன மேதை ஒருவர் ஸ்பெயின் தேசத்தில் இருந்தார். அவர் பெயர் சாந்தியாகோ ராமோன் இ கஹால்.

பீரங்கி செய்த பையன்

1852-ம் ஆண்டு மே மாதம் 1-ந் தேதி, ஸ்பெயினின் வடக்கே பெட்டில்லா என்ற சிறு கிராமத்தில் கஹால் பிறந்தார். தகப்பனார் ஹுஸ்தோ ராமோன் வைத்தியர். ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சொந்த முயற்சியால் படித்து முன்னுக்கு வந்தவர். மகனையும் வைத்தியராக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை.

மகனுக்கோ படம் வரைவதில்தான் ஆசை. சுவர், கதவு, காகிதம் எது கிடைத்தாலும் கிறுக்கித் தள்ளுவான். சித்திரம் சோறு போடாது என்று நினைத்த தகப்பனார், பையனின் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு யோசனை கேட்கப் போனார். யாரிடம் தெரியுமா? ஊர் மாதா கோயில் சுவருக்கு வெள்ளையடிக்க வந்த ஆளிடம்! அந்த ஆள் படத்தைப் பார்த்துவிட்டு, பையனுக்குச் சித்திரம் வராது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். அன்றோடு வீட்டில் சித்திரத்துக்குத் தடை விழுந்தது.

பையன் சும்மா இருக்கவில்லை. 11 வயதில் மரத்தைக் குடைந்து ஒரு பீரங்கி செய்தான். கல்லும் வெடிமருந்தும் திணித்துச் சுட்டான். அடுத்த தோட்டக்காரரின் புதுக் கதவு பிளந்து போயிற்று. ஊர் அதிகாரி பையனைப் பிடித்துச் சில நாள் சிறையில் அடைத்தார். தகப்பனார் அதைத் தடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்திலும் நல்ல பெயர் இல்லை. நாவிதரிடமும், செருப்புத் தைப்பவரிடமும் மகனை வேலைக்குச் சேர்த்துப் பார்த்தார் தகப்பனார். கடைசியில் 1868-ம் ஆண்டு கோடையில் அவருக்கு ஒரு வழி தோன்றியது. நிலா வெளிச்சத்தில் மகனை ஒரு பழைய இடுகாட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே சிதறிக் கிடந்த எலும்புகளைப் பொறுக்கி வந்து, ஒவ்வொன்றாகக் காட்டிப் பாடம் சொன்னார். பையனுக்கு ஆவல் பிறந்தது. எலும்புகளையெல்லாம் வரைய ஆரம்பித்தான். வீட்டில் தடை செய்யப்பட்ட சித்திரமே அவனை வைத்தியத்துக்கு இழுத்து வந்தது.

சேமிப்பில் வாங்கிய மைக்ராஸ்கோப்

சரகோசா நகரில் படித்து 1873-ம் ஆண்டில் கஹால் வைத்தியர் ஆனார். உடனே ராணுவம் அழைத்தது. அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த கியூபாத் தீவில் கலகம் நடந்துகொண்டிருந்தது. 1874-ம் ஆண்டில் ராணுவ டாக்டராக அங்கே போனார். துப்பாக்கிக் குண்டைவிடக் கொசு பொல்லாததாக இருந்தது. மலேரியா ஜுரம் அவரைப் பிடித்து ஆட்டியது. எலும்பும் தோலுமாக 1875-ம் ஆண்டில் ஊர் திரும்பினார். பிறகு காச நோயும் வந்து, ரத்தம் கக்கிப் பிழைத்தார்.

ராணுவ சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தை அவர் எதற்குச் செலவிட்டார்? ஒரு மைக்ராஸ்கோப் வாங்கினார்! 1879-ம் ஆண்டில் சில்வேரியா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பிள்ளைகள் பிறந்தார்கள், சம்பளமோ குறைவு. அந்த வருமானத்திலும் கணவர் புத்தகமும் ரசாயனப் பொருள்களும் வாங்குவதைச் சில்வேரியா தடுக்கவில்லை. சிக்கனமாகக் குடித்தனம் நடத்தி, கணவரின் ஆராய்ச்சிக்குத் துணை நின்றார்.

1883-ம் ஆண்டில் வலென்சியா சர்வகலாசாலையில் கஹால் பேராசிரியர் ஆனார். 1885-ம் ஆண்டில் அந்த வட்டாரத்தில் காலரா பரவியது. கஹால் அந்த நோயைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். அந்த உழைப்புக்கு நன்றியாக, சரகோசா மாகாண நிர்வாகத்தார் அவருக்கு ஜெர்மனியின் ஜைஸ் கம்பெனி மைக்ராஸ்கோப் ஒன்றைப் பரிசளித்தார்கள். அந்தக் காலத்தில் அதைவிட நல்ல கருவி கிடையாது.

வலையா, தனி மரமா?

அந்த நாளில் விஞ்ஞானிகள் மத்தியில் ஒரு பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. மூளையும் தண்டுவடமும் மீன் வலையைப்போல் ஒன்றோடொன்று பின்னிய ஒரே நூலால் ஆனவையா? அல்லது காட்டில் நிற்கும் மரங்களைப்போல், கிளைகள் உரசினாலும் தனித்தனியாக நிற்கும் உயிரணுக்களால் ஆனவையா?

வலைதான் என்று சொன்னவர்களில் முக்கியமானவர் இத்தாலி தேசத்து கமில்லோ கோல்ஜி. அவர் 1873-ம் ஆண்டில் ஓர் அருமையான சாயம் கண்டுபிடித்திருந்தார். வெள்ளி உப்பு கலந்த திராவகத்தில் மூளைத் துண்டை ஊறவைத்தால், ஆயிரக்கணக்கான உயிரணுக்களில் ஏதோ சில மட்டும் வேரும் கிளையுமாக, மை தீட்டியதுபோல் கறுத்துத் தெரியும்.

1887-ம் ஆண்டில் மாட்ரிட் நகரில் ஒரு டாக்டர் நண்பர் வீட்டில் கஹால் அந்தச் சாயத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைவே இல்லை. அந்த ஆண்டே பார்சிலோனா நகருக்கு மாற்றலாகிப் போனவர், சாயத்தைத் திருத்தி அமைத்தார். வளர்ந்த பிராணியின் மூளையில் இழைகள் அடர்ந்து குழப்பும். ஆகையால், கருவில் வளரும் பறவைகளையும் இளம் குட்டிகளையும் எடுத்துப் பார்த்தார். 1888-ம் ஆண்டில் உண்மை தெரிந்தது. ஒவ்வொரு நரம்பணுவும் தனி மரமே. ஒன்றின் இழை மற்றொன்றின் அருகில் போய் நிற்கிறது. ஒட்டிப் போவதில்லை.

ஸ்பானிஷ் பாஷையில் எழுதினால் வெளிநாட்டார் படிக்கமாட்டார்கள். இருந்தாலும் கஹால் தம் கைப்பணத்தைப் போட்டு ஒரு பத்திரிகை அச்சடித்து, பிற தேசத்து விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார். அதனாலும் பலன் குறைவு. 1889-ம் ஆண்டில் தம் கண்ணாடித் தகடுகளை மூட்டை கட்டிக்கொண்டு பெர்லின் மகாநாட்டுக்கே போனார். பெயர் தெரியாத ஸ்பெயின்காரரை முதலில் யாரும் மதிக்கவில்லை. ஜெர்மனியின் பிரபல பேராசிரியரான கோலிக்கர், அவருடைய மைக்ராஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்தார். பார்த்ததும் வியந்து போனார். கஹால் எழுதியதைப் படிப்பதற்காகவே அந்த முதியவர் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டார்!

1890-ம் ஆண்டில், கருவில் வளரும் கோழிக் குஞ்சின் தண்டுவடத்தில் கஹால் இன்னொன்றைக் கண்டார். வளரும் நரம்பு இழையின் நுனியில் கூம்புபோல ஒரு சிறு வீக்கம் இருந்தது. பந்தலைத் தேடும் அவரைக் கொடியின் நுனிபோல், அது வழியைத் துழாவிக்கொண்டு முன்னேறுகிறது என்று சொன்னார். பின்னால் வந்த விஞ்ஞானிகள் உயிருள்ள இழைகளிலேயே இதைப் பார்த்து, கஹால் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டார்கள்.

அறுந்த நரம்பின் கதை

அதோடு வழக்கு முடியவில்லை. சில ஆண்டுகளில் வலைக் கட்சியார் ஒரு புது வாதத்தோடு வந்தார்கள். பிராணியின் காலில் ஓடும் நரம்பை வெட்டினால், வெட்டுக்குக் கீழே இருக்கும் துண்டு மறுபடி உயிர் பெறுகிறதே, அது தானாகவே புதிய இழைகளை உண்டாக்கிக்கொள்கிறது என்றார்கள். இது நிஜமானால் கஹாலின் கொள்கை தரைமட்டமாகி விடும். ஏனென்றால், இழை என்பது நரம்பணு என்ற மரத்தின் கிளை. மரமில்லாமல் கிளை முளைக்க முடியுமா?

1905-ம் ஆண்டு வாக்கில் கஹால் இந்தச் சோதனையில் இறங்கினார். முயல், பூனைக்குட்டி, நாய்க்குட்டி ஆகிய பிராணிகளை எடுத்துக்கொண்டார். பிராணிகள் எதற்கு என்று கேட்கலாம். அடிபட்ட மனிதரின் நரம்பை உள்ளே திறந்து பார்க்க முடியாது. அவர் இறந்த பிறகு பார்த்தால் கடைசி நிலை மட்டுமே தெரியும். முதல் நாள் என்ன நடந்தது, பத்தாம் நாள் என்ன நடந்தது என்பது தெரியாது. பிராணியில், வெட்டிய இடமும் தெரியும், வெட்டிய நாளும் தெரியும். ஒன்றை இரண்டாம் நாளிலும், இன்னொன்றை ஐந்தாம் நாளிலும், வேறொன்றை இருபதாம் நாளிலும் பார்த்தால், நடந்த கதை முழுவதும் வரிசையாகக் கிடைத்துவிடும். இங்கிலாந்து தேசத்து டாக்டர் வாலர் 1850-ம் ஆண்டிலேயே தவளையின் நாக்கு நரம்பை வெட்டி, வெட்டுக்கு அப்பால் உள்ள பகுதி சிதைந்து போவதைக் காட்டியிருந்தார். கஹால் 1903-ம் ஆண்டில் தாமே கண்டுபிடித்த ஒரு புதிய வெள்ளிச் சாயத்தைக் கொண்டு, அதற்கு அடுத்த கட்டத்தைப் பார்த்தார்.

காலுக்கு இறங்கும் பெரிய நரம்பை வெட்டினால் என்ன நடக்கிறது? வெட்டுக்குக் கீழே உள்ள பழைய இழை சிதைந்து போகிறது. மேலே, தண்டுவடத்தோடு சேர்ந்திருக்கும் முனையிலிருந்து புதிய இழைகள் முளைக்கின்றன. அவற்றின் நுனியில் அதே கூம்பு! அவை வெட்டுத் தழும்பைத் தாண்டி, கீழ்த் துண்டில் காலியாகிக் கிடக்கும் குழாய்களுக்குள் நுழைந்து வளர்கின்றன. கீழ்த் துண்டு தானாக எதையும் உண்டாக்குவதில்லை. ஆனால் புதிய இழைக்கு வழி காட்டவும், ஊட்டம் கொடுக்கவும் அது வேண்டும். அந்தக் குழாய்களில் இருக்கும் ஷ்வான் உயிரணுக்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. மனிதர்களின் கை கால் நரம்பும் இப்படித்தான் மீள்கிறது. அதன் வேகம் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்.

வழக்கில் கஹால் வென்றார். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி எஞ்சி நின்றது. தண்டுவடத்தை வெட்டினால்?

சில நாள் நம்பிக்கை

தண்டுவடத்தை வெட்டிய பிராணிகளில் கஹால் கண்ட காட்சி வேறு. முதல் சில நாட்களில் அங்கேயும் இழைகள் துளிர்த்தன. அதே கூம்பு நுனி, அதே முயற்சி. அதைப் பார்த்தவருக்கு எவ்வளவு நம்பிக்கை பிறந்திருக்கும்! ஆனால் நாள் செல்லச் செல்ல வளர்ச்சி நின்றது. நுனிகள் வீங்கின. துளிர்கள் வாடின. வெட்டைத் தாண்டி ஓர் இழையும் போய்ச் சேரவில்லை.

இங்கேதான் கஹாலின் நேர்மையைப் பார்க்க வேண்டும். துளிர்த்ததை மட்டும் எழுதி, தண்டுவடம் வளர்கிறது என்று பெயர் வாங்கியிருக்கலாம். வாடியதை மட்டும் எழுதி, அதற்கு வளரும் சக்தியே இல்லை என்று முடித்திருக்கலாம். அவர் இரண்டையும் எழுதினார். வளரும் சக்தி இருக்கிறது, ஆனால் சுற்றுப்புறம் அதற்கு உதவுவதில்லை என்று கருதினார்.

இதைச் சோதித்துப் பார்க்க அவருடைய மாணவர் பிரான்சிஸ்கோ தெல்லோ முன்வந்தார். 1911-ம் ஆண்டில், முயலின் கால் நரம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அதன் மூளைக்குள் பதித்தார். மூளையில் அறுபட்ட இழைகள் அந்தத் துண்டை நோக்கி வளர்ந்து அதற்குள் நுழைந்தன! நல்ல நிலம் கிடைத்தால் பயிர் வளரும் என்பது அதனால் தெரிந்தது.

பரிசும் புத்தகமும்

இதற்கிடையே 1906-ம் ஆண்டில் கஹாலுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிசு இருவருக்குப் பங்கிடப்பட்டது. மற்றொருவர் யார் தெரியுமா? வலைக் கட்சித் தலைவர் கோல்ஜி! ஒரே மேடையில் பரிசு வாங்க வந்த கோல்ஜி, அந்தச் சொற்பொழிவிலேயே தனி நரம்பணுக் கொள்கையைத் தாக்கிப் பேசினார். தம்முடைய முறை வந்தபோது கஹால் கோல்ஜியின் சாயத்தைப் புகழ்ந்துவிட்டு, தாம் கண்டதை எடுத்துச் சொன்னார்.

அதே ஆண்டில் ஸ்பெயின் அரசாங்கம் அவருக்குக் கல்வி மந்திரிப் பதவி கொடுக்க முன்வந்தது. கஹால் அதை ஏற்கவில்லை. மைக்ராஸ்கோப்பே போதும் என்று இருந்துவிட்டார்.

தம் சோதனைகளையெல்லாம் தொகுத்து 1913, 1914-ம் ஆண்டுகளில் இரண்டு பெரிய பாகங்களாக வெளியிட்டார். அதை அச்சிடப் பணம் கொடுத்தவர்கள், கடல் கடந்து அர்ஜென்டினா தேசத்தில் குடியேறியிருந்த ஸ்பெயின் டாக்டர்கள். அதன் முடிவுரையில், வளர்ந்தவர்களின் மூளையிலும் தண்டுவடத்திலும் பாதைகள் இறுகிப் போனவை, அங்கே புதிதாக எதுவும் பிறப்பதாகத் தெரியவில்லை என்று கஹால் எழுதினார். கூடவே, அந்தக் கடுமையான விதியை மாற்ற முடியுமானால், மாற்ற வேண்டியது வருங்கால விஞ்ஞானத்தின் பொறுப்பு என்றும் எழுதி வைத்தார். பலர் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். தண்டுவடம் வளரவே வளராது என்பது வெகு காலம் வேதவாக்காகி விட்டது.

1930-ம் ஆண்டில் சில்வேரியா காலமானார். கஹால் எழுத்தையும் ஆராய்ச்சியையும் விடவில்லை. 1934-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி, 82-வது வயதில், மாட்ரிட் நகரில் உயிர் நீத்தார்.

விதை முளைத்தது

கஹால் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் தொடர்ந்தார்கள். கனடா தேசத்தில் மான்ட்ரியல் நகரில் ஆல்பர்ட் அகுவாயோவும் அவருடைய குழுவினரும், 1980, 1981-ம் ஆண்டுகளில் தெல்லோவின் சோதனையைப் புதிய முறையில் செய்து காட்டினார்கள். எலியின் கால் நரம்புத் துண்டைப் பாலம்போல் அதன் தண்டுவடத்தில் வைத்தார்கள். உள்ளே இருந்த இழைகள் அந்தப் பாலத்தின் வழியே ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் வளர்ந்தன. எலிக்கு அது பெரிய தூரம். ஆனால் பாலத்தின் மறுகரையில் தண்டுவடத்துக்குள் மீண்டும் நுழைந்ததும், சிறிது தூரத்திலேயே நின்றுவிட்டன. கஹால் நினைத்தது சரியே. குறை இழையில் மட்டும் இல்லை, நிலத்திலும் இருந்தது.

அந்த நிலத்தில் என்ன குறை? சுவிட்சர்லாந்தில் சூரிக் நகரில் மார்ட்டின் ஷ்வாப் என்ற விஞ்ஞானி அதைத் தேடினார். தண்டுவட இழைகளைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையிலேயே, வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் இருப்பதைக் கண்டார். 1990-ம் ஆண்டில், அந்தப் பொருளை அடக்கும் மருந்தை எலிகளுக்குக் கொடுத்தபோது, சில இழைகள் வெட்டைத் தாண்டி வளர்ந்தன.

இன்று இந்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் எலியிலும் சுண்டெலியிலும் நடக்கின்றன. மனிதருக்குத் தண்டுவடம் அநேகமாக வெட்டுப்பட்டு அறுவதில்லை, எலும்பு நொறுங்கி நசுங்குகிறது. ஆகையால், வெட்டுவதோடு, அளந்த பலத்தில் தட்டி நசுக்கியும் சோதிக்கிறார்கள். இந்த முறையை 1911-ம் ஆண்டில் அமெரிக்க டாக்டர் ஆலன் நாய்களில் தொடங்கி வைத்தார். எலியின் தண்டுவடம் நசுங்கினால், மனிதருக்கு ஆவதுபோலவே நடுவில் ஒரு பொந்து விழுகிறது. சுண்டெலிக்கு அப்படி விழுவதில்லை. ஆகவே ஒரு பிராணியில் கண்ட பலனை அப்படியே மனிதருக்கும் வரும் என்று சொல்லிவிட முடியாது. எலியைக் குணப்படுத்திய எத்தனையோ மருந்துகள் மனிதரிடம் தோற்றுப் போயின. இன்னொரு பக்கம், வரிக்குதிரை மீன் என்ற சிறு மீனும், சாலமாண்டர் என்ற பல்லி போன்ற பிராணியும் அறுந்த தண்டுவடத்தைத் தாமே வளர்த்துக்கொள்கின்றன. அவற்றின் ரகசியத்தையும் தேடுகிறார்கள்.

வாயில்லா ஜீவன்களை இப்படிச் செய்யலாமா என்ற கேள்வி நியாயமானதே. அவை பட்ட துன்பத்தை மறைப்பதற்கில்லை. அதனால்தான் இன்று பல தேசங்களில், தனிக் கமிட்டியின் அனுமதி இல்லாமல் இத்தகைய சோதனை செய்ய முடியாது. மயக்க மருந்தும், வலி தெரியாமலிருக்க மருந்தும் கொடுக்க வேண்டும். பிராணி இல்லாமலே பார்க்க முடியுமானால் அந்த வழியில்தான் பார்க்க வேண்டும்.

அறுந்த தண்டுவடத்தை முழுவதும் வளர்த்துத் தரும் மருந்து இன்னும் வரவில்லை. வந்துவிட்டதாகச் சொல்லிப் பணம் பறிப்பவர்களை நம்பி ஏமாற வேண்டாம். தேகப் பயிற்சியும் நல்ல பராமரிப்பும் நோயாளியின் ஆயுளை நீட்டுகின்றன. மின்சாரத்தால் தண்டுவடத்தைத் தூண்டும் முறையில், கால் விழுந்தவர்கள் சிலர் 2018-ம் ஆண்டு முதல் துணையோடு சில அடிகள் நடந்திருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும். உயரத்திலிருந்து விழுந்தவரையோ, விபத்தில் முதுகிலோ கழுத்திலோ அடிபட்டவரையோ அவசரப்பட்டுக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கக் கூடாது. தலையும் கழுத்தும் முதுகும் வளையாமல், நேராகப் பலகையில் கிடத்தித்தான் எடுத்துப் போக வேண்டும். நசுங்கிய தண்டுவடத்தில் மிஞ்சியிருக்கும் சில இழைகளாவது அதனால் பிழைக்கும்.

அந்த மெல்லிய இழைகளைத்தான் கஹால் தம் வாழ்நாள் முழுவதும் வரைந்தார். அவர் கையால் வரைந்த நரம்புப் படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 2017-ம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அவற்றை உலக நினைவுச் செல்வங்களின் வரிசையில் சேர்த்தது. இன்றும் வைத்திய மாணவர்கள் அந்தப் படங்களைப் பார்த்துப் பாடம் படிக்கிறார்கள். சித்திரம் வராது என்று வெள்ளையடிப்பவர் தீர்ப்புச் சொன்ன பையன் வரைந்த படங்கள் அவை.